மணிக்குக் கொடுத்த விலையை நூலுக்கும் கொடுங்கள்!

கல்யாண மண்டபத்தில் ஒரு மணிமாலை அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். நாற்காலிக்கு அடியில், ஜமுக்காளத்துக்கு அடியில், வாசல்படி வரைக்கும் மணிகள் உருண்டோடும். நாலு பிள்ளைகள் குனிந்து பொறுக்கித் தருவார்கள். பாதிதான் கிடைக்கும். "நல்ல மணி பார்த்துத்தானே வாங்கினேன், எப்படி அறுந்துச்சு?" என்று புலம்புவார் மாலைக்குச் சொந்தக்காரர். மணியின் மேல் பழி இல்லை. அறுந்தது நூல், அல்லது வாய் பிளந்தது வளையம், அல்லது வழுக்கிக் கழன்றது லாக். மூன்றுமே வெளியே தெரியாத சமாச்சாரங்கள்.

பட்டுநூல் வளையல், டெரகோட்டா, குந்தன், முத்து, கிரிஸ்டல் என்று வீட்டிலிருந்தே நகை செய்து விற்கும் பெண்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சென்னை பாரிமுனைத் தெருக்களுக்குப் போய் மணிகளை அள்ளிக்கொண்டு வருகிறார்கள், இல்லையென்றால் ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். பணத்தில் பெரும்பகுதி மணிக்கே போய்விடும். நூல், கொக்கி, கருவி எல்லாம் "இருக்கிறதை வைத்துச் சமாளிப்போம்" கணக்கில் சேரும். வாடிக்கையாளர் திரும்பி வருவதும் வராமல் போவதும் அங்கேதான் முடிவாகிறது.

துளையைப் பாருங்கள்

மணி கோக்கும் தொழில் நமக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் பெரில், படிகம், சூதுபவளம் எனப் பல கல் மணிகள் கிடைத்தன. முழுதாக முடிந்தவை மட்டுமல்ல, பாதி வேலையில் நின்ற மணிகளும் அவற்றில் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் செய்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் வேறு வகை. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி வெட்டுவாயின் கூர்மையை மழுக்கினார்கள். அந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் விட்டால் மணியே தன் நூலை அறுத்துவிடும்.

இன்றைக்கும் சங்கதி அதேதான். கல் மணியை ஒரே பக்கமிருந்து துளைத்தால் மறுமுனையில் ஓரம் பெயர்ந்துவிடும். அதனால் இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சேர்ப்பது வழக்கம். சேரும் இடம் மயிரிழை விலகினாலும் உள்ளே கத்தி மாதிரி ஒரு விளிம்பு நின்றுவிடும். வாங்கும்போதே ஒரு மணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளைக்குள் பாருங்கள். நேராக ஒளி தெரிந்தால் நல்லது. கோணினால், வைரத்தூள் பூசிய 'பீட் ரீமர்' என்ற மெல்லிய கூம்பு அரம் தேவைப்படும். மணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நாலைந்து முறை திருப்பினால் போதும். ஈரம் இருந்தால் சூடும் ஏறாது, தூசியும் பறக்காது.

மலிவான குழல் மணிகளுக்கு (தையல்காரர் பிளவுஸில் தைப்பாரே, அதே நீள மணி) வாய் விளிம்பு கூராகத்தான் இருக்கும். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு குழல் மணிக்கும் இரு பக்கமும் ஒரு பொடி மணி போட்டுக் கோத்துவிடுங்கள். நூல் வளைவது பொடி மணியின் வழவழப்பான வாயில்தான்.

நூலா, நரம்பா, வயரா?

எல்லா மணிக்கும் ஒரே நூல் என்பது நடக்காத காரியம். மணியின் எடை, துளையின் அளவு, அணியும் விதம் மூன்றும் சேர்ந்துதான் நூலைத் தீர்மானிக்க வேண்டும்.

பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். பூசைக்கு வைக்கும் மாலைக்குச் சரி, கழுத்துக்கு ஆகாது. நைலான் நரம்பு மலிவு, ஊசி இல்லாமலே கோக்கலாம். ஆனால் முடிச்சு வழுக்கும், வெயில்பட்டு நாளானால் மொடமொடப்பாகி ஒடியும். குழந்தைகளுக்கான பொம்மை மாலையோடு அதை நிறுத்திக்கொள்ளலாம். பொடி மணிகளை நெருக்கமாகப் பின்னும் வேலைக்குப் 'ஃபயர்லைன்' போன்ற பின்னல் இழை நூல் ஏற்றது. அது முதலில் மீன்பிடிக்க வந்த நூல்தான். அறுபடாத உறுதிக்காக மணி பின்னுகிறவர்கள் அதைச் சுவீகரித்துக்கொண்டார்கள். சாதா நைலான் நூல் என்றால் தேன்மெழுகில் ஓர் இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள். பிரியாது, சிக்கும் விழாது.

கல், கிரிஸ்டல், உலோக மணி என்று கனமானவற்றுக்கு நம் கடைகளில் 'கியர் வயர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். மெல்லிய ஸ்டீல் இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசியது. உள்ளே 7, 19, 49 என்று இழைகளின் எண்ணிக்கை மாறும். இழை கூடக் கூட வயர் குழைவாக, துணிபோல விழும். விலையும் ஏறும். 7 இழை வயர் ஒருமுறை மடங்கினால் மடங்கினதுதான், அந்த இடம் நிமிராது. கழுத்தில் வளைந்து உட்கார வேண்டிய மாலைக்குக் குறைந்தது 19 இழை கேளுங்கள். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

எலாஸ்டிக் கை வளைக்கு ஒரு வேலை முன்கூட்டியே செய்ய வேண்டும். கோப்பதற்கு முன்பே நாலைந்து முறை நன்றாக இழுத்து விடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் கையில் அது தானாக இளகி, மணிக்கு நடுவே இழை பல்லைக் காட்டும்.

லாக் போடும் லட்சணம்

கியர் வயரில் முடிச்சு நிற்காது. அதற்குத்தான் 'கியர் லாக்' என்ற குட்டி உலோகக் குழல். வயரை லாக்கில் நுழைத்து, கொக்கியின் வளையத்தில் சுற்றி, மறுபடி அதே லாக்கின் வழியே திருப்பி, பிளேயரால் ஒரே நசுக்கு. நம் ஊரில் பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. நிற்கும்தான். ஆனால் தட்டையான லாக்கின் ஓரம் கழுத்தைக் கீறும், கூந்தலை இழுக்கும். இரண்டு வயரும் உள்ளே ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால், இழுத்த வேகத்தில் ஒன்று கழன்றும் வரும்.

கிரிம்பிங் பிளேயர் இதற்கென்றே பிறந்தது. அதன் வாயில் இரண்டு குழிகள். முதலில் உட்குழி: ஒரு பக்கம் வளைவு, எதிர்ப்பக்கம் சின்னப் பல். இரண்டு வயரும் லாக்குக்குள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்து அழுத்தினால், நடுவில் ஒரு பள்ளம் விழுந்து லாக் இரண்டு அறையாகும். ஒவ்வோர் அறையிலும் ஒரு வயர் சிறைப்படும். பிறகு லாக்கைக் கால் சுற்றுத் திருப்பி முன்குழியில் வைத்து அழுத்த, இரண்டு அறையும் ஒன்றின் மேல் ஒன்றாக மடிந்து குட்டி உருளையாகிவிடும். விரலால் தடவினால் எதுவும் உறுத்தக் கூடாது. அதன்மேல் ஒரு 'கிரிம்ப் கவர்' மாட்டினால் அதுவும் ஒரு பொன்மணிபோலவே தெரியும்.

லாக்கை இறுக்கும் முன் மணிகளுக்கு நடுவில் ஓரிரண்டு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். இறுக்கிக் கட்டிய மாலை கம்பிபோல விறைத்து நிற்கும், மணியும் மணியும் உரசி வயரின் பூச்சைத் தின்னும்.

முத்துக்குப் பட்டும் முடிச்சும்

முத்து வேறு சாதி. அது கால்சியம் கார்பனேட். கல்லைவிட மென்மையானது, அமிலம் பட்டால் அரிபடும். ஒரு முத்து இன்னொன்றோடு உரசினாலே பளபளப்பு மங்கும். அதனால்தான் நல்ல முத்துமாலையில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே ஒரு முடிச்சு. எங்கேயாவது அறுந்தாலும் ஒன்றிரண்டு முத்து போகுமே தவிர, மண்டபம் முழுக்கச் சிதறாது.

இதற்குப் பட்டு நூல், மெல்லிய ஊசி, கூர்முனைச் சாமணம் மூன்றும் போதும். நூலை இரட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நீளத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வேண்டும், முடிச்சுகள் நிறைய விழுங்கும். முத்தைத் தள்ளியதும் தளர்வாக ஒரு முடிச்சு. இறுக்குவதற்கு முன் அந்தச் சுருக்குக்குள் சாமணத்தின் முனையை நுழைத்து, முத்தின் தோளை ஒட்டும் வரை முடிச்சைத் தள்ளுங்கள். சாமணத்தை உருவியபடியே நூலை இழுத்தால் முடிச்சு முத்தோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். பத்து முடிச்சு போடும் வரை கை தடுமாறும். அதற்குப் பிறகு தாளம் பிடிபட்டுவிடும்.

முத்துமாலைக்காரர்களுக்கு ஒரு சட்டம்: சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் முடிந்தபின் கடைசியாக அணியுங்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுங்கள்.

மூன்று பிளேயர், ஒரு கட்டர்

மின்சார வேலைக்கு வைத்திருக்கும் கட்டிங் பிளேயரை நகைக்கு எடுக்காதீர்கள். அதன் வாயில் உள்ள பற்கள் மெல்லிய கம்பியைக் கடித்துத் தழும்பாக்கும். முலாம் பூசிய கம்பி என்றால் அங்கேயே முலாம் பெயர்ந்து கறுக்க ஆரம்பிக்கும்.

நகைக்கான பிளேயருக்கு உள்வாய் வழவழப்பாக இருக்க வேண்டும். ஒன்று ரவுண்ட் நோஸ்: இரு தாடையும் உருண்டு முனை நோக்கிச் சிறுத்துவரும், கம்பியைக் கொக்கி வளையமாகச் சுற்ற. எப்போதும் தாடையில் ஒரே இடத்தில் சுற்றினால்தான் எல்லா வளையமும் ஒரே அளவில் வரும். அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். மற்ற இரண்டும் தட்டையான அல்லது கூர்முனைப் பிளேயர்கள். ஜம்ப் ரிங் (பதக்கத்தையும் கொக்கியையும் மாட்டும் வெட்டு வளையம்) திறக்க இரண்டு கையிலும் ஒவ்வொன்று வேண்டும். ரிங்கைப் பக்கவாட்டில் விரிக்காதீர்கள், வட்டம் கெட்டுவிடும். கதவு திறப்பதுபோல ஒரு முனையை உங்கள் பக்கமும் மறுமுனையை எதிர்ப்பக்கமும் நகர்த்துங்கள். மூடும்போதும் அதே வழி. இரு முனையும் 'டிக்' என்று உரசி நிற்க வேண்டும். நூல் நுழையும் இடைவெளி இருந்தால்கூட ஒருநாள் பதக்கம் அதன் வழியே நழுவும். கடைசியாக ஒரு சைடு கட்டர். அதன் தட்டைப் பக்கம் நகையை நோக்கி இருக்கட்டும், வெட்டுவாய் சமமாக வரும்.

கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்கள் கையில் ஒரு பிளேயரோடு கம்பியை மணிக்கு மணி வளைத்து மாட்டுவதை நின்று கவனியுங்கள். ஒவ்வொரு மணிக்கும் தனிக் கம்பி, தனி வளையம் என்பதால் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை சிதறாது. பல பயிற்சி வகுப்புகளில் கிடைக்காத வேக வித்தை அது.

கேஜ் சொன்னால் போதாது

கம்பி வாங்கும்போது கேஜ் கணக்கு குழப்பும். எண் கூடினால் கம்பி மெலியும் என்பது பலருக்கும் தெரியும். அந்த எண்ணிலேயே இரண்டு முறை உண்டு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அமெரிக்க முறையில் 20 கேஜ் 0.81 மி.மீ., பிரிட்டிஷ் முறையில் அதே 20 கேஜ் 0.91 மி.மீ. காதுத் துளையில் இந்த வித்தியாசம் வலியாகத் தெரியும். ஆகவே மில்லிமீட்டரில் கேளுங்கள். காதுக் கொக்கிக்கு 0.8, கல் மணியை வளையத்தில் மாட்ட 0.6, சிறு துளை முத்துக்கு 0.5 அல்லது 0.4 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலை நடந்துவிடும்.

உலோகத்திலும் கவனம் தேவை. ஜெர்மன் சில்வரில் இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல். வெள்ளி துளியும் இல்லை. நிக்கல் சிலருக்கு அரிப்பும் புண்ணும் தரும், அதிலும் காதுத் துளையில் உடனே காட்டிவிடும். தொங்கட்டானை எதில் வேண்டுமானாலும் செய்யுங்கள், காதுக்குள் போகும் கம்பி மட்டும் 925 வெள்ளியாகவோ டைட்டானியமாகவோ இருக்கட்டும்.

எத்தனை மணி வாங்க வேண்டும்?

பொடி மணிகளின் அளவும் கம்பி மாதிரித்தான்: எண் கூடினால் மணி சிறிது. 11/0 சுமார் 2 மி.மீ., 8/0 சுமார் 3, 6/0 சுமார் 4. ஜப்பானின் மியூகி, டோஹோ மணிகள் அளவு மாறாமல் ஒன்றுபோலவே இருக்கும், பின்னல் வேலை கோணாது. மலிவு மணியில் பாக்கெட்டுக்குக் கால்வாசி ஒழுங்கற்றதாக இருந்தாலும் வியப்பில்லை, பொறுக்கி எடுக்க நேரம் ஒதுக்குங்கள்.

16 அங்குல மாலை என்றால் சுமார் 406 மி.மீ. அதை மணியின் அளவால் வகுத்தால் கணக்கு வந்துவிடும்: 4 மி.மீ. மணி சுமார் 100, 6 மி.மீ. சுமார் 68, 8 மி.மீ. சுமார் 50. கடையில் 'ஒரு லைன்' என்று கொடுப்பதன் நீளம் கடைக்குக் கடை மாறும், எண்ணிப் பார்த்து வாங்குங்கள். சாயம் பூசிய மணி என்றால் ஒன்றே ஒன்றை எடுத்து, நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். சாயம் பஞ்சில் வந்தால் நாளைக்கு வியர்வையிலும் வரும்.

பசை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. நொடியில் ஒட்டும் பசை முடிச்சை மொடமொடப்பாக்கி ஒடிக்கும், பக்கத்துக் கல்லில் வெண்படலம் படர வைக்கும். காய ஒரு நாள் ஆனாலும் வளைந்துகொடுக்கும் நகைப் பசையே நல்லது.

முதல் பெட்டியில் இருக்க வேண்டியவை

• ரவுண்ட் நோஸ் 1, வழவழப்பு வாய்ப் பிளேயர் 2, சைடு கட்டர் 1, கிரிம்பிங் பிளேயர் 1
• கூர்முனைச் சாமணம், மணி கோக்கும் மெல்லிய ஊசிகள், பீட் ரீமர்
• 19 இழை கியர் வயர், அதற்குப் பொருந்தும் லாக், பட்டு நூல், தேன்மெழுகு
• ஜம்ப் ரிங், ஹெட் பின் (முனையில் தலை உள்ள கம்பி), ஐ பின் (முனையில் வளையம் உள்ள கம்பி), கொக்கி
• மில்லிமீட்டர் அளக்கும் காலிப்பர்
• பள்ளம் போட்ட பீட் போர்டு; கிடைக்காவிட்டால் பழைய டர்க்கி டவல். எவர்சில்வர் தட்டு வேண்டாம், மணி துள்ளும்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல வயர், நல்ல லாக் போட்டால் செலவு கூடத்தான் செய்யும். அதை உங்கள் கைக்காசில் தள்ளாமல் விலையில் சேருங்கள். பில்லிலேயே "19 இழை வயர், 925 வெள்ளிக் கொக்கி" என்று எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்களும் நிறத்தையும் டிசைனையும் பார்த்த கையோடு, "இது எதுல கோத்தது, அக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சட்டென்று பதில் சொல்லத் தெரிந்தவரிடம் தைரியமாக வாங்கலாம்.