பொன் விளைந்த பல்லாரட்டில் ஒரு பகல்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு மெல்பர்ன் போயிருந்தேன். அங்கே என் அக்காள் மகன் வேலை பார்க்கிறான். அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கடைத்தெருவை இரண்டே நாளில் பார்த்துச் சலித்துவிட்டார். "மாமா, பாட்டியைத் தங்கம் எடுத்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவோமா?" என்றான் மருமகன். தங்கம் என்றதும் அம்மா முதல் ஆளாகப் புறப்பட்டார்.

பல்லாரட், மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய 115 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கியதும் கேமரன் மலையே தேவலை என்று சொல்லும்படியான குளிர். ஜூனில் போகிறவர்கள் கம்பளிச் சட்டைக்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

வாத்தவுரங் பழங்குடி மக்களின் பூமி இது. பிறகு வெள்ளைக்காரர்கள் ஆடு மேய்த்தார்கள். 1851 ஆகஸ்டில் பொன் கிடைத்த செய்தி பரவியதும் உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அந்தப் பணத்தில் எழுந்த கட்டடங்கள் ஸ்டர்ட் வீதியின் இருமருங்கிலும் இன்னும் நிற்கின்றன. நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது சாவரின் ஹில்லில். 1850ஆம் ஆண்டுகளின் தோண்டிகள் ஊரை அப்படியே கட்டி, 1970இல் திறந்திருக்கிறார்கள். குதிரை வண்டி, கொல்லன் பட்டறை, மிட்டாய் காய்ச்சும் கடை, சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் என்று எல்லாம் உண்டு. வேலை செய்பவர்களும் அக்கால உடையில்தான் நடமாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது பள்ளிக்கூடம். வெளியூர் மாணவர்கள் பழங்கால உடை அணிந்து வந்து, அந்தக் காலத்துப் பிள்ளைகளாகவே இங்கே பாடம் படிக்கிறார்களாம். சரித்திரத்தை இப்படிச் சொல்லிக்கொடுக்க நமக்கும் ஓர் இடம் இருந்தால், என் வகுப்பில் மத்தியானம் யாரும் தூங்கமாட்டார்கள்!

சீனர் முகாமும் இருக்கிறது. 1855இல் விக்டோரியாவில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனரும் பத்துப் பவுன் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதைத் தவிர்க்கப் பலர் பக்கத்து மாநிலத்தின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தே வந்தார்கள்.

ஓடையில் யார் வேண்டுமானாலும் மண்ணை அலசிப் பார்க்கலாம். கிடைக்கும் பொன் நமக்கே. நான் அலசிய தட்டில் சேறுதான் மிஞ்சியது. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு குந்தினார். ஐஸ் போன்ற தண்ணீரில் தட்டைச் சாய்த்துச் சுழற்றிய விதத்தைப் பார்த்து அங்கிருந்த பணியாளரே நின்றுவிட்டார். பேராக்கில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து ஆற்றில் சீனப் பெண்கள் டூலாங் தட்டில் ஈயம் அலசியதைச் சிறு வயதில் பார்த்துப் பழகிய கை அது. கால் மணி நேரத்தில் மூன்று துணுக்குகள்! பணியாளர் அவற்றைச் சிறு குப்பியில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தார்.

"இது என்னய்யா விலை போகும்?"

"ஒரு தே குடிக்கக்கூடக் காணாது, பாட்டி."

அம்மா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் ஆசிரியர் கல்லூரிக்குப் போன ஆண்டு அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப்போனது. கழற்றி வைத்திருப்பதாகவே வெகுநாள் என்னிடம் சொல்லிவந்தார். நான் சம்பாதித்து வேறு தோடு வாங்கித் தந்தேன் என்பது வேறு விஷயம்.

1858இல் இவ்வூரில் 55 மீட்டர் ஆழத்தில் 69 கிலோ எடையுள்ள ஒரே பொன்கட்டி கிடைத்தது. 'வெல்கம்' என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டு லண்டனில் உருக்கிப் பவுன் காசாக அடித்துவிட்டார்கள்.

பிறகு யுரேக்கா நிலையத்துக்குப் போனோம். தோண்டிகள் மாதம் முப்பது ஷில்லிங் கட்டி லைசன்ஸ் எடுக்க வேண்டும்; பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். சீட்டில்லாதவரைப் போலீசார் வேட்டையாடிப் பிடித்தார்கள். ஓட்டுரிமையும் கிடையாது. பொறுமை இழந்தவர்கள் பீட்டர் லாலர் தலைமையில் வேலி கட்டி, ஐந்து நட்சத்திர நீலக் கொடியின் கீழ்த் திரண்டார்கள். 1854 டிசம்பர் 3, ஞாயிறு விடியற்காலை படை புகுந்தது. அரை மணி நேரம்கூட நீடிக்காத சண்டையில் தோண்டிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். லாலர் ஒரு கையை இழந்தார். வழக்கில் நிறுத்தப்பட்ட பதின்மூவரையும் விடுதலை செய்தார்கள். 1855இலேயே அந்த மாத லைசன்ஸ் போய், ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டணம் வந்தது. லாலரும் சட்டசபைக்குப் போய், பின்னாளில் சபாநாயகரானார்.

கிழிந்த அந்தக் கொடி மங்கலான விளக்கில் தொங்குகிறது. நான் இவற்றைச் சொல்லச் சொல்ல அம்மா அதன் முன்னே நின்றுகொண்டிருந்தார்.

"மழை பெஞ்சா நமக்கு வெட்டு இல்ல, சம்பளமும் இல்ல. இவனுங்க ஒண்ணும் கிடைக்காத மாசத்துக்கும் கையிலேர்ந்து கட்டணுமா?"

"ஆமாம், அம்மா."

"அப்ப சண்டை போட்டது சரிதான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

1956 ஒலிம்பிக் படகுப் போட்டிகள் நடந்த வெண்டூரி ஏரிக்கரையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். கறுப்பு அன்னங்கள் பங்கு கேட்டு வந்தன. அவற்றுக்குச் சோறு போடக்கூடாது என்றான் மருமகன். அம்மாவுக்கு அதில் வருத்தம்.

திரும்பும் ரயிலில் அம்மா தூங்கிவிட்டார். குப்பியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். மெல்பர்ன் வந்ததும் எழுப்பினேன். முடிச்சைத் தொட்டுப் பார்த்த பிறகே எழுந்தார்.