நடந்து பார்த்த ஊர்கள் - 11: டோபி தெருவும் வாழைப்பழக் கேக்கும்

சிங்கப்பூருக்கு வரும் நம்மூர்க்காரர்கள் பலரும் மலேசிய எல்லை ஊரான ஜொகூர் பாருவைக் கடந்திருப்பார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். கோலாலம்பூர் பஸ் குடிநுழைவுச் சாவடியில் நிற்கும். இறங்கி பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு மறுபடி ஏறித் தூங்கிவிடுவோம். பத்து வருடங்களுக்கு முன்பு நானும் இவரும் அப்படித்தான் கடந்தோம். இந்த முறை சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: ஒரு நாள் முழுக்க எங்கள் இருவருக்கும் வேண்டும், கார் வேண்டாம், நடக்கப் போகிறோம்.

சிங்கப்பூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸில் ரயில் ஏறினால் ஜொகூர் பாருவுக்கு ஐந்தே நிமிடம். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொள்வதற்குள் இரண்டு பக்கமும் கடல் வந்துவிட்டது. இவர் பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் இருந்தவர். ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார்.

"எல்லாரும் பாலம் பாலம்னு சொல்றாங்க. இது பாலமே இல்லம்மா, கரை. கல்லைக் கொட்டிக் கடலை மேடாக்கியிருக்காங்க."

அவர் சொன்னது சரிதான். புலாவ் ஊபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய கரை அது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம், திறந்தது 1924இல். 1942 ஜனவரி 31ஆம் தேதி, ஜப்பானியர் துரத்த சிங்கப்பூருக்குள் பின்வாங்கிய படைகள் இதை வெடி வைத்து உடைத்தன. இன்றைக்கு விடிவதற்கு முன்பிருந்தே வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் இதன் மேல் சாரை சாரையாக நகர்கின்றன.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஊரின் பெரிய சாலை. ஜாலான் வோங் ஆ ஃபூக் என்று பெயர்ப்பலகை. வோங் ஆ ஃபூக் யார் என்று மகளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். சீனாவின் குவாங்டோங் பக்கத்திலிருந்து தச்சராக வந்து, கட்டடக் கான்ட்ராக்டராக வளர்ந்தவர். கடலோரம் நிற்கும் பெரிய அரண்மனை, இஸ்தானா பெசார், 1866இல் எழுந்தது அவர் கையால்தான். தஞ்சோங் புத்ரி என்ற சிற்றூருக்கு 'ஜொகூர் பாரு', அதாவது புதிய ஜொகூர், என்று அப்போதைய ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்கார் பெயர் மாற்றியதும் அதே ஆண்டில்தான். இதைச் சொன்னதும் இவர் பலகையின் கீழே நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். மன்னர் பெயரிலும் தலைவர் பெயரிலும் சாலை இருப்பது நாம் எங்கும் காண்பது. கட்டியவர் பெயரை ஓர் ஊர் தன் முக்கியமான சாலைக்கு வைத்திருப்பது, மேஸ்திரிகளோடு வெயிலில் நின்று காலம் கழித்த ஒருவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அங்கிருந்து பழைய கடைத்தெருவுக்குள் திரும்பினோம். கடைகளின் மாடி முன்னால் நீண்டு வந்து நடைபாதைக்குக் கூரையாகிறது. மலாயில் இதற்கு 'காக்கி லீமா', ஐந்தடி என்று பெயர். கடைக்காரர் தன் இடத்தில் ஐந்தடி விட்டுத்தான் சுவர் எழுப்ப வேண்டும் என்று ஒரு காலத்தில் போட்ட விதி. மழைக்கும் வெயிலுக்கும் குடை தேவையில்லை. நம் திண்ணையை வரிசையாகச் சேர்த்துத் தெருவுக்கே கொடுத்துவிட்டது போல இருக்கிறது. முட்டி வலிக்காரருக்கு இதைவிட நல்ல நடைபாதை கிடையாது.

ஜாலான் தான் ஹியோக் நீ என்ற தெருவின் பெயருக்குப் பின்னாலும் ஒருவர் இருக்கிறார். தியோச்சூ சீனர். மிளகும் கேம்பியரும் பயிரிடுவதற்கு ஆற்றங்கரைகளை ஜொகூர் ஆட்சியாளர்கள் சீனர்களுக்கு உரிமைச் சீட்டின் பேரில் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பெற்றவர் 'கங்சூ', ஆற்றின் தலைவர். தான் ஹியோக் நீ அப்படி வளர்ந்து பெரும் செல்வரானவர். கேம்பியர் இலையைக் காய்ச்சி இறுக்கினால் நம் காசுக்கட்டியைப் போலத் துவர்க்கும் ஒரு கட்டி கிடைக்கும். தோல் பதனிடவும் சாயமேற்றவும் வாங்கிப் போனார்கள். காய்ச்சி எடுத்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு எரு. காய்ச்ச விறகு வேண்டுமே, அதற்குக் காடு போயிற்று. மண் சோர்ந்ததும் அடுத்த ஆற்றங்கரை. 1917இல் இந்த முறையையே ஒழித்துவிட்டார்கள். அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. ரப்பரோடு நம் சனமும் வந்தது.

இந்தத் தெருவில்தான் ஹியாப் ஜூ ரொட்டிக் கடை. 1919இல் தொடங்கியது. இன்றும் விறகு அடுப்புதான். நாங்கள் போனபோது வாசலில் ஒரு சின்ன வரிசை. உள்ளே சுவரோடு சுவராகக் கரிபடிந்த செங்கல் அடுப்பு. அதன் வாய்க்குள் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட கம்பை விட்டு, தட்டைத் தொடாமல் இழுத்தார் ஒருவர். இழுத்த வேகத்தில் நின்று, பக்கத்து மேடையில் இறக்கி, திரும்பி அடுத்தது. கை ஒரே தாளத்தில் போனது. சின்னச் சின்னதாக, மேலே நன்றாகப் பழுப்பேறிய வாழைப்பழக் கேக். ஒரு பெட்டி வாங்கினோம். ஐந்தடியிலேயே நின்று ஆளுக்கு ஒன்று தின்றோம். கனிந்த பழத்தின் மணம், அதன் அடியில் மெல்லிய புகை.

பக்கத்திலேயே ஜாலான் டோபி. துணி வெளுக்க நம் நாட்டிலிருந்து வந்தவர்களின் தொழில் அப்படியே தெருவின் பெயராகிவிட்டது. இந்தப் பலகையின் முன்னால் நின்றது நான். எங்கள் ஊரில் துணிக்குச் சேங்கொட்டைப் பாலால் குறி போடுவார்கள். எத்தனை துவைத்தாலும் போகாது. ஒரு வீட்டுக்கு ஒரு குறி. எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோடும். அப்பா போன பிறகு அவருடைய வேட்டிகளைப் பிரித்தபோது, ஓரத்தில் அந்த இரண்டு புள்ளியும் கோடும் அப்படியே இருந்தன. குறி போட்டவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்களோ, அவர்களின் தொழிலையாவது இந்த ஊர் எழுதி மாட்டி வைத்திருக்கிறது.

"ஏம்மா, போலாமா?" என்று இவர் கேட்டபோது வெயில் ஏறிவிட்டது.

ஜாலான் உங்கு புவான், இங்குள்ளவர்களுக்கு லிட்டில் இந்தியா. மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும், "ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களாக்கா?" என்றார். சரம் எவ்வளவு என்று கேட்டேன். வெள்ளியில்தான் சொன்னார். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போது காசுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. அங்கே ராஜமாரியம்மன் தேவஸ்தானம், 1911இல் எழுந்தது. அடுத்த தெருவான ஜாலான் துருஸில் பழைய சீனக் கோவில். தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கேன்டனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து பேச்சு பேசும் ஐந்து கூட்டத்தார். உள்ளே ஐந்து தெய்வம், கூட்டத்துக்கு ஒன்று, எல்லாம் ஒரே கூரையின் கீழ். சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் ஐந்து பேரும் பல்லக்கில் ஊர்வலம் போவார்களாம். அம்மனுக்கு வாங்கிய சரத்தின் மணம் கையில் இருக்க, சீனக் கோவிலின் ஊதுவத்திப் புகைக்குள் போய் நின்றேன். யாரும் எங்களை ஏன் வந்தீர்கள் என்று பார்க்கவில்லை.

வாழையிலைச் சாப்பாடு முடித்து, வெயில் தணிந்த பிறகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலுக்கு நடந்தோம். 1922இல் குடிசையாக இருந்த கோவில். இன்று சுவர், தூண், விதானம் எல்லாம் கண்ணாடித் துண்டுகள். மூன்று லட்சம் என்கிறார்கள். ஆத்மலிங்கச் சன்னிதியில் சுவர் முழுக்க ருத்ராட்சம் பதித்திருக்கிறது. நம் கையாலேயே பன்னீர் ஊற்றலாம். சுற்றுலா பஸ்காரர்கள் இந்த ஒரு கோவிலைக் காட்டிவிட்டு ஊர் முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். இவரோ தூணில் விரலை வைத்து, "ஒவ்வொண்ணும் கையால ஒட்டினதுதான்" என்று தடவிக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில் செகெட் ஆறு. நகருக்கு நடுவே ஓடும் சிறிய ஆறு. நாற்றம் தாங்காமல் ஒருமுறை மேலே தளம் போட்டு மூடி, பிறகு மனம் மாறித் திறந்து சுத்தப்படுத்தியிருக்கிறார்கள். "மூடுறது சுலபம், திறக்கறதுக்குத்தான் மனசு வேணும்" என்றார் இவர். கரையோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினோம். பேச எதுவும் இல்லை. பேசத் தோன்றவும் இல்லை. மாலை ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. விடுமுறை நாளில் கிடைப்பது கஷ்டம்.

மறுபடியும் கரை, இரண்டு பக்கமும் இருட்டுக் கடல். வீட்டுக் கதவைத் திறந்த மகள் மூக்கைச் சுளித்து, "என்னம்மா இது, பையில என்ன வாசனை?" என்றாள்.

"விறகு" என்றார் இவர், கேக் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தபடி.