குளிரை ஆளும் கணக்கு

குளிரச் செய்தல் எளிது. குளிரை வேண்டிய அளவில் நிறுத்தி வைத்தலே அரிது. நீரிழிவு நோயாளர் பயன்படுத்தும் இன்சுலின் மருந்து இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். திறக்கப்படாத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்துக் காத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் மருந்தின் வீரியம் குன்றும். உறைந்துபோனாலோ, பின்னர் உருகித் தெளிந்தாலும் அதனைப் பயன்படுத்தலாகாது. ஆகவே நல்லதொரு குளிர்ப்பெட்டி குளிர்விக்க மட்டும் அறிந்திருந்தால் போதாது. 'இவ்வளவு போதும்' என்று நிற்கவும் அறிந்திருத்தல் வேண்டும்.

அத்தகைய சிறு பெட்டி ஒன்றை மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் அமைப்பது எங்ஙனம் என்பதையும், அதனுள் நிகழ்வது யாது என்பதையும் இங்குக் காண்போம்.

பெல்டியர் விளைவு

இருவேறு உலோகங்களின் சந்திப்பில் மின்னோட்டம் பாயும்போது அச்சந்திப்பு குளிரவோ சூடேறவோ செய்யும் என்பதை 1834-இல் பிரெஞ்சு அறிஞர் பெல்டியர் கண்டறிந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1838-இல், லென்ஸ் என்னும் அறிஞர் பிஸ்மத், ஆன்டிமனி ஆகிய உலோகங்களின் சந்திப்பில் ஒரு நீர்த்துளியை உறையவைத்துக் காட்டினார். மின்னோட்டத்தின் திசையை மாற்றியதும் அது உருகியது. ஆயினும் உலோகங்களைக் கொண்டு பெறத்தக்க குளிர் மிகச் சிறிதே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிஸ்மத் டெல்லுரைடு போன்ற குறைகடத்திகள் கைவந்த பின்னரே இவ்விளைவு நடைமுறைப் பயனுக்கு வந்தது.

இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 12706 என்ற எண்ணுடைய வெப்பமின் தகடு 4 சென்டிமீட்டர் சதுரம் உடையது. இரு பீங்கான் தகடுகளுக்கிடையே 127 இணைக் குறைகடத்தித் துண்டுகள் அதில் பற்றவைக்கப்பட்டுள்ளன. எண்ணின் இறுதியிலுள்ள 06 என்பது 6 ஆம்பியர் என்னும் உச்ச மின்னோட்டத்தைச் சுட்டும். இதில் கம்ப்ரசர் இல்லை, வாயு இல்லை, அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஒரு முகம் வெப்பத்தை ஈர்க்க, மறு முகம் அதனை வெளியே தள்ளும்.

மின்னோட்டம் மிகுந்தால் குளிர் மிகுமா?

'ஆம்' என்பதே எவர்க்கும் தோன்றும் விடை. ஆனால் அது பாதி உண்மையே. தகட்டினுள் மூன்று நிகழ்ச்சிகள் ஒருங்கே நடைபெறுகின்றன. முதலாவது, பெல்டியர் விளைவால் வெப்பம் வெளியே இறைக்கப்படுகிறது. இது மின்னோட்டத்திற்கு நேர்விகிதத்தில் உயரும். இரண்டாவது, தகட்டின் மின்தடையால் உள்ளேயே வெப்பம் பிறக்கிறது. இது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதில் பாதி குளிர்ந்த முகத்தையே வந்தடைகிறது. மூன்றாவது, சூடான முகத்திலிருந்து குளிர்ந்த முகத்திற்கு வெப்பம் இயல்பாகவே கடத்தப்படுகிறது.

மின்னோட்டத்தை இரட்டித்தால் இறைப்பு இருமடங்காகும். உட்பிறக்கும் வெப்பமோ நான்கு மடங்காகும். எனவே ஓர் எல்லையைக் கடந்தபின், மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டப் பெட்டி சூடேறத் தொடங்கும். இதனை அறியாத கட்டுப்பாட்டு நிரல், 'இன்னும் குளிரவில்லையே' என்று மேலும் மின்னோட்டத்தைக் கூட்டும். பெட்டி மேலும் சூடாகும். ஆகவே உச்ச மின்னோட்டத்திற்கு நிரலிலேயே ஒரு வரம்பு கட்டுதல் முதற்கடமையாகும்.

இறைத்த வெப்பத்தை அகற்றுவதும் அதே அளவு இன்றியமையாதது. தகடு 40 வாட் மின்திறனைச் செலவிட்டு 20 வாட் வெப்பத்தை ஈர்க்கிறது எனக் கொள்வோம். சூடான முகம் வெளியேற்ற வேண்டியது 60 வாட் ஆகும். இறக்கைகள் கொண்ட அலுமினிய வெப்பமாற்றியும், விசிறியும், இடையே வெப்பப் பசையும் இன்றித் தகட்டிற்கு மின்னூட்டவே கூடாது.

உணரியும் மூளையும்

வெப்பநிலையை அறிய தெர்மிஸ்டர் போதும். 25 டிகிரியில் 10,000 ஓம் மின்தடை காட்டும் பொதுவகைத் தெர்மிஸ்டர் 5 டிகிரியில் ஏறத்தாழ 26,000 ஓம் காட்டும். இதனை 10,000 ஓம் நிலைத்தடையுடன் தொடராக இணைத்து, நடுவிலுள்ள மின்னழுத்தத்தை நுண்கட்டுப்படுத்திக்கு, அதாவது மைக்ரோகன்ட்ரோலருக்கு, அளித்தல் வேண்டும். ஆர்டுயினோ யூனோ பலகையில் உள்ள ஏடிமெகா 328 சில்லு, மின்னழுத்தத்தை 1,024 படிகளாகப் பகுத்துப் படிக்கும். 5 டிகிரிக்கு அருகில் ஒரு டிகிரி மாற்றம் ஏறத்தாழ 10 படிகளாகத் தெரியும். பல அளவுகளின் சராசரியைக் கொண்டால் துல்லியம் பின்னும் கூடும். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த கலவையில் உணரியை வைத்து, அது 0 டிகிரி காட்டுகிறதா எனச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

உணரியைக் குப்பிகளின் அருகில் வைத்தல் வேண்டும். பெட்டியின் காற்று 5 டிகிரியில் இருக்கும்போதே குளிர்த்தகடு 0 டிகிரிக்குக் கீழே சென்றிருக்கக் கூடும். எனவே குப்பிகள் தகட்டைத் தொடலாகாது.

துடிப்பும் சீரோட்டமும்

நுண்கட்டுப்படுத்தி தகட்டிற்கு நேரே மின்னோட்டம் தர இயலாது. மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஒன்று இடைநின்று திறந்தும் மூடியும் உதவும். பாதி நேரம் திறந்து பாதி நேரம் மூடினால் சராசரி மின்னோட்டம் பாதியாகும். இதுவே துடிப்பு அகல முறை. ஆனால் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. தகட்டின் மின்தடை 2 ஓம் எனக் கொள்வோம். பாதி நேரம் மட்டும் 6 ஆம்பியர் பாய்ந்தால் உட்பிறக்கும் வெப்பம் சராசரியாக 36 வாட். 3 ஆம்பியர் சீராகப் பாய்ந்தால் அது 18 வாட்டே. இறைக்கப்படும் வெப்பமோ இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கம்பிச்சுருள், மின்தேக்கி, டையோடு ஆகியவற்றைச் சேர்த்துத் துடிப்பைச் சீரோட்டமாக்கித் தகட்டிற்கு அளிப்பதே சிறந்தது.

முழுதும் அணைத்து முழுதும் ஏற்றும் பழைய முறை இதற்குப் பொருந்தாது. அணைத்தவுடன் சூடான முகத்தின் வெப்பம் தகட்டின் வழியே உள்ளே திரும்பும். அடிக்கடி சூடேறிக் குளிர்வதால் பற்றாசு இணைப்புகளும் நாளடைவில் விரிசல் காணும்.

மூவகைக் கணக்கு

இலக்கு 5 டிகிரி. வெப்பநிலை அதற்கு மேல் எவ்வளவு உள்ளதோ அதுவே பிழை. பிழைக்குத் தக்கவாறு மின்னோட்டம் தருவது விகிதச் செயல். ஆனால் பிழை சுழியானால் மின்னோட்டமும் சுழியாகிவிடும். வெளிவெப்பமோ கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால் இம்முறை மட்டும் இருப்பின் பெட்டி இலக்கிற்குச் சற்று மேலேயே நின்றுவிடும். கடந்த பிழைகளைக் கூட்டி வைத்து அக்குறையை நிரப்புவது தொகைச் செயல். வெப்பநிலை இறங்கும் விரைவைக் கண்டு முன்கூட்டியே கடிவாளம் இடுவது வகைச் செயல். கப்பலைத் தானே திசைசெலுத்தும் முறையை ஆராய்ந்த மினோர்ஸ்கி 1922-இல் இம்மூன்றின் கணக்கை வகுத்தளித்தார்.

தொகைச் செயலில் ஓர் இடர் உண்டு. 35 டிகிரியிலிருந்து தொடங்கும் பெட்டி இலக்கை எட்ட நெடுநேரம் ஆகும். அதுவரை பிழைகள் மலைபோல் குவிந்துவிடும். இலக்கை அடைந்த பின்னும் அக்குவியல் மின்னோட்டத்தை ஏவிக்கொண்டே இருக்கும். மருந்து உறையக் கூடும். எனவே மின்னோட்டம் வரம்பைத் தொட்டு நிற்கும் வேளையில் பிழையைக் கூட்டாதிருக்குமாறு நிரல் எழுதுதல் வேண்டும். பெட்டி மெல்ல மாறும் இயல்பினது. நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால் போதும்.

காவல்

உணரியின் கம்பி அறுந்தால் அளவு உச்சப்படியைக் காட்டும். குறுக்கிணைப்பு ஏற்பட்டால் சுழியைக் காட்டும். பின்னதனை நிரல் 'கடும் வெப்பம்' எனக் கொண்டு முழு மின்னோட்டத்தையும் ஏவிவிடும். ஆகவே இவ்விரு கோடிகளில் எது தோன்றினும் மின்னோட்டத்தை நிறுத்தி மணி ஒலிக்கச் செய்தல் வேண்டும். வெளி விசிறி நின்றுபோவதை அறியச் சூடான முகத்திலும் ஓர் உணரி தேவை. பல நாட்கள் இரவும் பகலும் அளவுகளைக் குறித்துவைத்து, வேறொரு நம்பத்தக்க வெப்பமானியுடன் ஒப்பிட்டு, அறிந்தோர் ஏற்கும்வரை இப்பெட்டியில் உண்மையான மருந்தை வைத்தல் கூடாது. ஓர் உயிர் அதனைச் சார்ந்திருக்கிறது.

தானே தன்னை நெறிப்படுத்திக்கொள்ளும் கருவி நம் முன்னோர்க்குப் புதிதன்று. 9-ஆம் நூற்றாண்டுப் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள், எண்ணெய் குறையக் குறையத் தானே நிரப்பிக்கொள்ளும் விளக்கைத் தம் நூலில் விளக்கினர். அல்ஜஸரி 1206-இல் நிறைவு செய்த நூலில் கைகழுவ நீர் வார்க்கும் பொறிகளைக் காணலாம். அவர்கள் வால்வுகளாலும் மிதவைகளாலும் செய்ததை இன்று நாம் எண்களால் செய்கிறோம். அளவறிந்து நிற்றலே இரண்டிற்கும் பொதுவான நெறி. இயற்பியல் மாணவரும், கணினி மாணவரும், அதனைத் தமிழில் எடுத்துரைக்கவல்ல தமிழ் மாணவரும் ஒன்றுகூடி இத்தகைய பெட்டி ஒன்றை அமைப்பாராயின், அவர்கள் கற்ற கல்வி பிறர்க்கும் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.