சட்டப் படிப்புச் சேர்க்கைத் தகுதிகள் – காவிரி டெல்டா மாணவர்களுக்கான வழிகள்

சட்டப் பட்டப் படிப்பில் சேர ஒரு மாணவர் பெற்றிருக்க வேண்டிய கல்வி, மதிப்பெண், நுழைவுத் தேர்வு ஆகியவை சேர்க்கைத் தகுதிகள் எனப்படும். பட்டம் ஒன்றே ஆனாலும் இத்தகுதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகின்றன. காவிரி டெல்டாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவருக்கு அருகிலேயே மூன்று வகை நிறுவனங்கள் உள்ளன. அவை திருச்சிராப்பள்ளி அரசு சட்டக் கல்லூரி, அதே ஊரிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், தஞ்சாவூரை அடுத்த திருமலைசமுத்திரத்தில் இயங்கும் சாஸ்த்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகியன. மூன்றிலும் சேரும் வழி வேறு வேறு.

பொதுவான குறைந்தபட்சத் தகுதி

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பு இந்திய பார் கவுன்சிலுக்கு உண்டு. அதன் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் இரண்டு வகைப் படிப்புகளை ஏற்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் 5 ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரலாம். ஒரு பட்டம் பெற்ற பின் 3 ஆண்டு எல்.எல்.பி. படிப்பில் சேரலாம். பொதுப் பிரிவினருக்கு 45, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு குறைந்தபட்ச மதிப்பெண் ஆகும்.

இம்மதிப்பெண் பெற்றுவிட்டால் மட்டும் இடம் கிடைத்துவிடாது என்பதையும் அவ்விதிகளே கூறுகின்றன. அது விண்ணப்பிக்கும் உரிமையை மட்டுமே தருகிறது. அதற்கு மேல் நிறுவனம் அறிவிக்கும் நிபந்தனைகளையும் நிறைவு செய்ய வேண்டும். கல்லூரிகளுக்கிடையிலான வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

வேறுபாட்டின் காரணங்கள்

அரசு சட்டக் கல்லூரிகள்: இவை தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. 5 ஆண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படையில் தரவரிசைப் பட்டியல் தயாரித்து, கலந்தாய்வு மூலம் இடம் ஒதுக்கப்படுகிறது. மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால், உண்மையில் இடம் கிடைக்கும் கட்-ஆஃப் மதிப்பெண் குறைந்தபட்சத் தகுதியைவிட மிக உயர்ந்திருக்கும். ஆண்டுக்கு ஆண்டு அது மாறவும் செய்யும். அதே பல்கலைக்கழகம் சென்னையில் நேரடியாக நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி, ஹானர்ஸ் படிப்புகளுக்கு இதைவிடக் கூடுதலான குறைந்தபட்ச மதிப்பெண்ணைக் கேட்கிறது.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்: இவை நாடு முழுவதிலிருந்தும் மாணவர்களைச் சேர்க்கின்றன. வெவ்வேறு கல்வி வாரியங்களில் படித்தவர்களின் மதிப்பெண்களை நேராக ஒப்பிட முடியாது. எனவே 2008 முதல் கிளாட் என்னும் பொதுத் தேர்வு நடத்தப்படுகிறது. இளநிலைப் படிப்புக்கான இத்தேர்வு 2 மணி நேரத்தில் ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடையளிக்கும் முறையில் அமைந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் இங்கே தகுதிக்கு மட்டுமே, தரவரிசைக்கு அன்று.

நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்கள்: இவை பார் கவுன்சில் விதிகளுக்கு உட்பட்டுத் தம் சேர்க்கை முறையைத் தாமே வகுக்கின்றன. கட்டணமும் அரசுக் கல்லூரியைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும்.

டெல்டா மாணவர்களுக்கு இதன் பொருள்

மதுரையில் 1974இலும் திருச்சியில் 1979இலும் அரசு சட்டக் கல்லூரிகள் தொடங்கப்படும் வரை, தஞ்சைப் பகுதியினர் சட்டம் படிக்கச் சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. இன்று தூரம் குறைந்துள்ளது. ஆனால் தகவல் கிடைப்பதில் இடைவெளி இருக்கிறது. கிளாட் தேர்வு அண்மை ஆண்டுகளில் டிசம்பரில், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன்பே நடக்கிறது. மே மாதம் முடிவு வந்த பின் சட்டப் படிப்பைப் பற்றி விசாரிக்கும் மாணவருக்கு அந்த வாய்ப்பு அவ்வாண்டில் முடிந்துபோயிருக்கும். மாநில அரசின் கலந்தாய்வு முடிவுகளுக்குப் பிறகே நடப்பதால், பெரும்பாலான கிராமப்புற மாணவர்களுக்கு அதுவே எட்டக்கூடிய வழியாக உள்ளது. குத்தகை, கோயில் நிலம், பாசனம் சார்ந்த வழக்குகள் மிகுந்த இப்பகுதியில், அவ்வூர்க் குடும்பங்களிலிருந்து யார் வழக்கறிஞராக முடியும் என்பதை இந்த நாட்காட்டியும் ஓரளவு தீர்மானிக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

* பள்ளிப் படிப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைச் சட்டப் படிப்புக்கான தகுதியாகப் பார் கவுன்சில் விதிகள் ஏற்பதில்லை.
* கல்லூரிக்கு அவ்வாண்டுக்கான பார் கவுன்சில் ஒப்புதல் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.
* குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் மதிப்பெண்ணையும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும்.

எந்த வழியில் சேர்ந்தாலும் முடிவில் கிடைக்கும் தொழில் உரிமை ஒன்றே. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். அதன்பின் தஞ்சாவூர் மாவட்ட நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் அவர் ஒரே தகுதியுடன் வாதாடலாம்.