முதல் போனிலேயே ஃபீஸைக் கேளுங்கள்

பல் டாக்டரிடம் போகும் முன் "எவ்வளவு ஆகும்?" என்று கூச்சமில்லாமல் கேட்கிறோம். உளவியலாளருக்கு போன் செய்யும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. அந்த எண்ணை அழுத்தவே பலருக்கு மாதக்கணக்காகிறது. மொட்டை மாடிக்குப் போய், யார் காதிலும் விழாமல் பேசி, நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். ஃபீஸ் தெரியாமல் போய், இரண்டாம் தடவைக்குக் காசில்லாமல் நின்றுபோனால் அதுவரை திரட்டிய தைரியமெல்லாம் வீண்.

முதலில் யாரிடம் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியே சிகிச்சை தருபவர்; மருந்து எழுத மாட்டார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. 'கவுன்சிலர்' என்று பலரும் பலகை மாட்டுகிறார்கள். என்ன படித்தார் என்று விசாரியுங்கள்.

போனிலேயே கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. ஒரு அமர்வு எவ்வளவு நேரம்? பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. முதல் அமர்வுக்குத் தனிக் கட்டணமா? முன்பணம் கட்டிவிட்டு வர முடியாமல் போனால் திரும்பக் கிடைக்குமா? வருமானம் குறைவு என்றால் சலுகை உண்டா? வெளியே சொல்லாவிட்டாலும் சிலர் குறைத்து வாங்குகிறார்கள், கேட்டால்தான் தெரியும். ஒரே அமர்வில் எதுவும் தீராது. ஐந்தாறு தடவைக்கான செலவைக் கணக்குப் போட்டு, தாங்குமா என்று பாருங்கள். அவசியம் கேட்க வேண்டியது மற்றொன்று: "தமிழில் பேசலாமா?" அம்மாவிடம் அழுத மொழியில் சொல்லும் வேதனையை ஆங்கிலத்தில் தேடித் தேடிச் சொல்ல முடியாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பி உட்கார வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். ஓ.பி. செலவையும் ஏற்கும் பாலிசியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பணமே இல்லையா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கி இலவசமாகப் பார்க்கலாம். சென்னையில் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதற்கு அஞ்சி அங்கே போகாமல் இருப்பவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. கூட்டம் அதிகம், தனியாரிடம் கிடைக்கும் ஒரு மணி நேரம் கிடைக்காது. ஆனாலும் போகலாம்.

முதல் நாள் தூக்கம், பசி, வேலை, வீடு என்று கேள்விகள்தான் அதிகம் இருக்கும். எல்லாவற்றையும் அன்றே கொட்டிவிட வேண்டியதில்லை. சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். நீங்கள் சொல்வது ரகசியமாகவே இருக்கும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் சிகிச்சை தருபவர் பிறருக்குத் தெரிவிக்க நேரலாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை நள்ளிரவிலும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.