மருந்தடிப்பவரின் கடமையும் அடிக்கச் சொல்பவரின் கடமையும்

தோட்டப்புறங்களில் அதற்குப் பெயர் மருந்து. களைக்கு அடிப்பதும் மருந்து, வண்டுக்கு அடிப்பதும் மருந்து, கொசுவுக்குப் புகை போடுவதும் மருந்துதான். மலாய்மொழியில் ‘ராச்சுன்’, அதாவது நஞ்சு என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறார்கள். 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துடைய மலாய்ப் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. நோயைத் தீர்ப்பதற்கும் உயிரைப் போக்குவதற்கும் தமிழர்கள் ஒரே சொல்லை வைத்திருப்பது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால், மருந்து என்று சொல்லிப் பழகிய கைக்கு அதைத் தொடுவதில் அச்சம் குறைந்துவிடுகிறது.

மலேசியாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இந்த வேலையை நெடுங்காலம் செய்துவந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தமிழ்ப் பெண்கள். முதுகில் தொட்டி, ஒரு கை நெம்புகோலில், மறு கை குழாயில் என்று செம்பனை மரத்தடியில் வட்டம் வட்டமாக அடித்துப் போவார்கள். இன்று அவர்களின் இடத்தில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆள்தான் மாறியிருக்கிறது, தொட்டி அதே தொட்டிதான்.

அவர்கள் அடித்தவற்றுள் மிகக் கொடியது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் நுரையீரல் மெல்ல மெல்ல இறுகி, மூச்சுவிட முடியாமல் ஆள் இறக்க நேரிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தோலில் பட்டால் புண்ணாகும்; நகம் நிறம் மாறி விழும்; துளிகள் மூக்கில் ஏறினால் இரத்தம் வடியும். தோட்டப் பெண்களின் இத்தகைய பாதிப்புகளை தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஓர் ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு பூச்சிக்கொல்லி வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுமையான தடை 2020 ஜனவரி முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் எத்தனை தொட்டிகள் எத்தனை தோள்களில் ஏறி இறங்கியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மருந்தடிப்பவர்கள் கவனக்குறைவானவர்கள், முகமூடி கொடுத்தாலும் கழற்றிவிடுகிறார்கள் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் புகார். கழற்றுவது உண்மைதான். ஏன் கழற்றுகிறார்கள்? பத்து மணி வெயிலில் ரப்பர் காலணி, நீளக் கை உடை, மேலே ஏப்ரன், கண்ணாடி எல்லாம் அணிந்து, நிறைந்த தொட்டியைச் சுமந்து மேட்டில் ஏறிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதிலும் சில இடங்களில் கொடுக்கப்படுவது வெறும் துணி முகமூடி. அது நஞ்சைத் தடுப்பதில்லை. ஈரத்தை உறிஞ்சி வாயருகிலேயே வைத்திருக்கிறது. அதைக் கட்டிக்கொள்வதைவிடக் கட்டாமல் இருப்பதே மேல் என்று ஒரு தொழிலாளி நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஐக்கிய நாட்டு உணவு, விவசாய நிறுவனம் 1985இல் முதன்முதலில் ஏற்றுக்கொண்ட அனைத்துலக நடத்தை நெறி, இப்போது உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து வழிநடத்துவது, இதை நேராகவே சொல்கிறது. அணிவதற்குச் சிரமமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் நஞ்சுகளை, குறிப்பாக வெப்ப நாடுகளில், தவிர்க்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அதாவது, முகமூடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் போத்தலைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் போத்தலைத் தேர்ந்தெடுப்பவர் மருந்தடிப்பவர் அல்லர். ஆகவே, தொழில் நெறி நிர்வாகியின் மேசையிலிருந்து தொடங்குகிறது.

மலேசியச் சட்டமும் அந்தப் பொறுப்பை முதலாளியிடமே முதலில் வைக்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி பாதுகாப்புச் சாதனங்களுக்காகத் தொழிலாளியிடம் ஒரு காசும் பிடிக்கக்கூடாது. புகார் செய்தார் என்பதற்காக வேலையைவிட்டு நீக்கவும் கூடாது. இரசாயனங்கள் குறித்த 2000ஆம் ஆண்டின் விதிமுறைகள், ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்றும் தேவைப்படுவோருக்கு முதலாளியின் செலவில் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்றும் கூறுகின்றன. பூச்சிகளுக்கு அடிக்கும் சில நஞ்சுகள் நரம்பைத் தாக்குபவை. வேலை தொடங்குமுன் எடுத்த இரத்தப் பரிசோதனை இருந்தால்தான் பின்னர் வரும் மாற்றம் தெரியும். 2024 ஜூன் முதல் இன்னோர் உரிமையும் சேர்ந்திருக்கிறது: உயிருக்கு உடனடி ஆபத்து உண்டு என்று நியாயமாக நம்பி, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். இது பலருக்கு இன்னும் தெரியாது. தொழிற்சங்கங்கள் இதைத் தோட்டம் தோட்டமாகச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் மருந்தடிப்பவருக்குக் கடமையே இல்லையா? இருக்கிறது, அது பெரும்பாலும் மற்றவர்களைக் காக்கும் கடமை. காற்று வீசும்போது அடித்தால் துளிகள் அடுத்த வீட்டுக் கீரைப் பாத்திக்குப் போகும். ஓடைக் கரையில் கலக்கினால் கீழே குளிப்பவரைச் சேரும். வேலை உடையைப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறவைத்தால் நஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கலக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது, ஏனெனில் அப்போது கையில் இருப்பது நீர் சேராத நஞ்சு. அடைத்துக்கொண்ட முனையை வாயால் ஊதுவதும், கையைக் கழுவாமல் வெற்றிலை மடிப்பதும் இன்றும் காணக்கூடிய பழக்கங்கள். போத்தலில் உள்ள வண்ணப் பட்டையைப் பார்க்க எழுத்தறிவுகூடத் தேவையில்லை: கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை, மஞ்சள் அடுத்த நிலை, நீலம் அதற்கும் கீழே.

காலிப் போத்தலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2013 ஜூலையில் இந்தியாவின் பீகார் மாநிலத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. மருந்துப் போத்தல் நல்ல கெட்டியான போத்தல். எறிய மனம் வராது. அதனால்தான் மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தொட்டியிலேயே ஊற்றி, அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும் என்கிறார்கள். மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதோ கொலைக்குச் சமம்.

நகரங்களில் பூச்சி ஒழிப்பைத் தொழிலாகச் செய்வோர் மலேசியாவில் பூச்சிக்கொல்லி வாரியத்திடமும், சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடமும் உரிமம் பெற வேண்டும். அவர்களின் நெறிக்கு வேறொரு சோதனை உண்டு. புகை அடித்தால்தான் வேலை நடந்தது என்று வாடிக்கையாளர் நம்புகிறார். புகை பறக்கும் கொசுவைக் கொல்லுமே தவிர, பூச்சாடித் தட்டில் நெளியும் புழுவைத் தொடாது. “தண்ணீரைக் கொட்டினால் போதும், இன்று மருந்து வேண்டாம்” என்று சொல்பவருக்கு அன்றைய வருமானம் குறையலாம். ஆனால் அந்தத் தொழிலை அறிந்தவர் அவர்தான்.

எல்லாம் மீறி ஒருவர் மயங்கி விழுந்தால், நனைந்த உடையைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் சுத்தமான நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. மருத்துவமனைக்குப் போகும்போது போத்தலையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் பினாங்கிலுள்ள தேசிய நச்சு மையத்திடம் சரியான விளக்கம் கேட்க முடியும். கடைச் சரக்கைப் பூட்டி வைக்கும் தோட்டங்களில், அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் மருந்தடிக்கும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.