சூழல் மாறிகளும் வரைகலை வாயிலும்

லினக்ஸ் கணினியிற் பழகத் தொடங்கும் மாணவர்க்கு விரைவில் நேரும் மயக்கமொன்றுண்டு. புதிதாய் நிறுவிய கருவி இருக்கும் அடைவைப் 'பாத்' என்னும் மாறியிற் சேர்த்து, அதனைப் 'பேஷ்ஆர்சி' கோப்பில் எழுதிவைக்கின்றனர். டெர்மினலில் அக்கருவி அழைத்தவுடன் வருகின்றது. படக்குறியை அழுத்தித் திறந்த எடிட்டரோ அத்தகைய கருவியே இல்லையென்கின்றது. கணினி பழுதெனக் கருதி அனைத்தையும் அழித்து மீண்டும் நிறுவுவாருமுளர். உண்மையிற் பழுது யாதுமில்லை.

சூழல் மாறி என்பது பெயரும் அதற்குரிய மதிப்புமாகிய ஓர் இணை. கட்டளைகளை எங்கெங்குத் தேடுவது, செய்திகளை எம்மொழியிற் காட்டுவது என்பனபோல்வன இவற்றால் அறியப்படும். 1979-ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் இயற்றிய ஷெல்லுடன் இவை வழக்கிற்கு வந்தன. ஒரு புரோகிராம் மற்றொன்றைத் தொடங்குங்கால் தன் மாறிகளின் படியொன்றை அதற்கு ஈகின்றது. பிள்ளை தான் பெற்றதை மாற்றிக்கொள்ளலாம். அம்மாற்றம் தாயைச் சேராது. நன்னூலார் கூறும் சூத்திர நிலைகளுள் வைத்து நோக்கின், இஃது ஆற்றொழுக்கேயன்றி அரிமாநோக்கன்று.

ஆதலின், ஒரு புரோகிராம் பெற்றது யாதென அறிய விழைவோர் அதன் தாய் யாதென வினவல் வேண்டும். டெர்மினலிற் பிறந்தவற்றிற்குத் தாய் பேஷ். அது பேஷ்ஆர்சியைப் படிக்கும். படக்குறியாற் பிறந்தவற்றிற்குத் தாய் டெஸ்க்டாப்; அதனைத் தொடங்கிவைப்பது ஜிடிஎம், எஸ்டிடிஎம் போன்ற டிஸ்ப்ளே மானேஜர். அவ்வழியிற் பேஷ்ஆர்சிக்குப் பொதுவாக இடமில்லை. ஆப்பிள் மாக்கிலும் டாக்கிலிருந்து திறப்பவை ஷெல் கோப்புகளைப் படிப்பதில்லை.

பின் எங்கெழுதுவது? முன்னே புள்ளியிட்ட 'புரொபைல்' கோப்பைப் பல டிஸ்ப்ளே மானேஜர்கள் படிப்பினும், எல்லாம் ஒருபடித்தாய்ப் படிப்பன அல்ல. சிஸ்டம்டி உள்ளவிடத்து, வீட்டடைவின் 'கான்ஃபிக்' உள்ளிருக்கும் 'என்விரான்மென்ட்.டி' அடைவில் எழுதுதலே யாம் சிறந்ததெனக் கொள்வது. பழைய மதிப்பை எடுத்தாண்டு புதியதைச் சேர்க்கவும் அது இடந்தருகின்றது.

பயனர் அனைவர்க்கும் பொதுவான 'எட்சி' அடைவின் 'என்விரான்மென்ட்' கோப்பிலோ மிக்க விழிப்பு வேண்டும். அது ஷெல் நிரலன்று. டாலர்க் குறியிட்டுப் பாத்தின் பழைய மதிப்பை அங்கு அழைத்தால், மதிப்பு வாராது; அக்குறியும் எழுத்துகளுமே அப்படியே பாத்தாகிவிடும். கட்டளைகள் அகப்படாமையின், கடவுச்சொல் சரியாயினும் டெஸ்க்டாப் தோன்றாது மீண்டும் நுழைவாயிலிலேயே நிற்க நேரலாம். அந்நிலையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகியவற்றை ஒருங்கழுத்தி எழுத்துத்திரையில் நுழைந்து, கட்டளைகளை முழுவழியுடன் எழுதிக் கோப்பைத் திருத்துக.

திருத்தியபின் முற்றும் வெளியேறி மீண்டும் நுழைதல் வேண்டும். முன்னரே பிறந்த டெஸ்க்டாப் பழைய படியையே வைத்திருக்கும். டெர்மினலில் 'பிரிண்ட்என்வ்' இட்டுச் சோதிப்பது போதாது. பேஷ்ஆர்சி சேர்த்தவையும் அதிற் கலந்துவரும். லினக்ஸில் 'பிராக்' அடைவினுள் அந்த எடிட்டரின் எண்ணுக்குரிய 'என்விரான்' கோப்பைப் பார்த்தால், அது பிறக்கும்போது பெற்றவை மட்டும் காணப்படும்.